மூன்று ஊருக்கு ஒரே பிரசவ அறை

ஓகுதானி ஆஸ்பத்திரித் தலைவர் டாக்டர் சுகானுமாவின் மகள் மிஹோகோ, தலைப்பிரசவத்துக்கு யோகோஹாமாவிலிருந்து பிறந்த வீட்டுக்கு வருவதாக இருந்தது. மனைவி போய்ச் சேர்ந்த பிறகு ஒற்றைக் கிண்ணமும் ஒற்றைத் தட்டுமாகக் காலம் தள்ளிய மனுஷர் அவர். குழந்தைச் சத்தம் கேட்கப்போகிறது என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். தம் ஆஸ்பத்திரியிலேயே, தம் கண் முன்னாலேயே பிரசவம். அதற்கு மேல் அவருக்கு என்ன வேண்டும்?

இந்த நேரம் பார்த்துத்தான் அந்தப் பொறுப்பு வந்து சேர்ந்தது. போன பனிக்காலத்தில், ரத்தப்போக்கு நிற்காத ஒரு கர்ப்பிணியை ஏற்றிக்கொண்டு ஆம்புலன்ஸ் அலையாய் அலைந்தது. எங்கள் பக்கம் மூன்று ஊர், மூன்று ஆஸ்பத்திரி, ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு பிரசவ டாக்டர். ஒருவர் ஆபரேஷனில் இருந்தார், ஒருவர் லீவில், ஒருவர் காய்ச்சலில். பாவம், அந்தப் பெண் வழியிலேயே போய்விட்டாள். கேட்டவர் வயிறெல்லாம் எரிந்தது. மூன்று டாக்டர்களையும் ஒரே இடத்தில் வைத்தால் இப்படி நடக்காது என்பது யாருக்குத்தான் தெரியாது? ஆனால் அதற்கு இரண்டு ஊர்களில் பிரசவ அறையைப் பூட்ட வேண்டும். எந்த ஊர் என்று கேட்டால் எல்லார் வாயும் ஒட்டிக்கொண்டது.

மூன்று தலைவர்களில் மூத்தவர் என்று சுகானுமா தலையில் கட்டிவிட்டார்கள். எங்கள் பக்கம் கூட்டத்தில் எதுவும் முடிவாவதில்லை. முன்கூட்டியே ஆளாளைத் தேடிப் போய், இனிப்புப் பெட்டியை வைத்து, பேசி முடித்துவிட வேண்டும். கூட்டம் தலையாட்டுவதற்கு மட்டும்.

முதலில் கடலோர ஊரான ஹமாதேவுக்குப் போனார். அங்கே தலைவர் குராமோச்சி. பெரிய ஆஸ்பத்திரி, அதைவிடப் பெரிய வாய்.

"வாங்க டாக்டர், வாங்க! இந்தக் குளிர்ல இவ்வளவு தூரமா? ஒரு போன் போட்டிருந்தா நானே ஓடி வந்திருப்பேனே!"

"போன்ல பேசுற விஷயமா இது? எங்க ஊரு நடுவுல இருக்கு. ரெண்டு பேருக்கும் சௌகரியம். அதான்..."

"அட, நான் என்ன சொல்லப்போறேன்? எல்லாத்தையும் உங்க கையில விட்டுட்டேன்."

அடுத்து நிஷினோசாவா ஆஸ்பத்திரித் தலைவர் ஹிராகுரியைப் பார்த்தார். அவரும் தேநீரை ஊற்றிக்கொண்டே அட்சரம் பிசகாமல் அதையே சொன்னார்.

பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று குஷியாக ரயில் ஏறினார் சுகானுமா. சோற்றுப் பெட்டியில் பாதி தின்ற பிறகுதான் உறைத்தது. உங்கள் கையில் விட்டுவிட்டேன் என்ற வார்த்தையை வாங்கிக்கொண்டவன், எங்கள் பக்க வழக்கப்படி, தனக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொல்ல முடியாது. சொன்னால் காலத்துக்கும் கெட்ட பெயர். அப்புறம் எவனும் கூடச் சேர மாட்டான். பச்சைப் பிள்ளைக்கும் தெரிந்த வழக்கம். மகள் வருகிற சந்தோஷத்தில் மனுஷர் கோட்டை விட்டுவிட்டார்.

கூட்டத்தைத் தள்ளிப் போட்டிருக்கலாம். மகளின் பிரசவம் முடிகிறவரை இழுத்தடித்திருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் அதற்குள் பனி விழும், ஆம்புலன்ஸ் மறுபடி அலையும். கூட்டத்தன்று எழுந்து நின்று, "எங்க ஊர்ல முதல்ல மூடுறேன். ஹமாதேல சேர்ந்து நடத்துவோம்" என்றார். மூத்தவரே பூட்டிய பிறகு ஹிராகுரி என்ன செய்வார்? முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு தலையாட்டினார். குராமோச்சி மேஜையில் நெற்றி இடிக்கிற மாதிரி குனிந்து வணங்கினார்.

தலைமை மருத்துவச்சி தொயோகோ நேரே சுகானுமாவின் அறைக்குள் வந்து நின்றாள்.

"இந்த ஊர்ப் பிள்ளைங்கள்ல பாதி என் கையில விழுந்ததுங்க. ஒரு வார்த்தை கேட்டீங்களா டாக்டர்?"

அவர் எழுந்து குனிந்து வணங்கினார். அவள் பதிலுக்கு வணங்காமல் போய்விட்டாள். அதற்குப் பதில் அவர் கன்னத்தில் ஒரு அறை விட்டிருக்கலாம்.

ஊர்ப் பொதுக்குளியலறையில் அவர் வெந்நீர்த் தொட்டிக்குள் இறங்கினால் இருந்தவர்கள் ஒவ்வொருவராக ஏறிப் போனார்கள். "தனக்கு மிஞ்சித்தான் தானமும் தருமமும். படிச்சவருக்கு அதுகூடத் தெரியல" என்று முடிவெட்டுகிறவர் காதுபடவே சொன்னார்.

அதையெல்லாம் தாங்கிக்கொண்டார். மகள் போனில் பேசியதைத்தான் தாங்க முடியவில்லை.

"மலைப்பாதையில ஒரு மணி நேரமாமேப்பா! பனியில வலி எடுத்தா நான் என்ன பண்ணுவேன்?"

"ஹமாதேல ஒரு ரூம் எடுத்துக்கலாம்மா. நானும் கூடவே..."

"அதுக்கு நான் இங்கேயே பெத்துக்கறேன். இவரோட அம்மா பாத்துக்கறாங்களாம். ஊர்ல இருக்கற எல்லார் வீட்டுப் பிள்ளையையும் நெனச்சீங்க. என் பிள்ளையை நெனச்சீங்களாப்பா?"

"சரிம்மா. அங்கேயே இரு. அதான் நல்லது."

என்னத்தை நல்லது! ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்கிறோம். எந்த ஊரில் வளரும் என்று யாராவது சொன்னோமா?

பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் குராமோச்சி போனில் கத்தினார்.

"பொழச்சுட்டாங்க டாக்டர்! தாயும் பிள்ளையும்! உங்க ஊருப் பொண்ணுதான். ஏகப்பட்ட ரத்தப்போக்கு. மூணு பேரும் கூட நின்னாங்க. ஒருத்தர் மட்டும் இருந்திருந்தா போயிருக்கும்."

போனை வைத்ததும் சுகானுமாவுக்கு அழுகை முட்டியது. யாரிடமாவது சொல்ல வேண்டும். தாழ்வாரத்தில் எட்டிப் பார்த்தார்; மருத்துவச்சிகள் எல்லாரும் ஹமாதேவுக்குப் போய்விட்டார்கள், அந்தப் பக்கம் விளக்குகூட இல்லை. மகளைக் கூப்பிட்டார். எடுத்தது சம்பந்தியம்மா.

"மிஹோகோ இப்பத்தான் கண்ணசந்தா. பிள்ளையும் தூங்குறான்."

"பிள்ளையா?"

"முந்தாநேத்து பொறந்தானே! அய்யோ... அவ உங்ககிட்ட சொல்லலையா?"

மகளை மாமியார் முன்னால் தலைகுனிய வைக்க அவருக்கு மனசில்லை.

"சொன்னா, சொன்னா. அன்னிக்கே சொல்லிட்டா. உங்களுக்கு வாழ்த்துச் சொல்லலாம்னுதான் கூப்பிட்டேன்" என்றார் தாத்தா.