இடது கையும் பொன்னாடையும்

பெட்ரிசியாவின் கழுத்துக் கட்டியை சிரம்பான் ஆஸ்பத்திரியில் எடுத்தபோது, கட்டியோடு சேர்ந்து மேல் ஸ்தாயியும் போய்விட்டது. பேச்சுக்கு ஒரு குறையும் வராது என்று டாக்டர் சொன்னது பொய்யில்லை. பாசாரில் பேரம் பேசவும் புருஷனை ஏசவும் அந்தக் குரல் தாராளமாகப் போதும். பாட்டுக்குத்தான் போதவில்லை. வாயைத் திறந்தால் ஆணா பெண்ணா என்று தெரியாமல் கரகரவென்று ஒன்று கிளம்பியது.

சுற்றுவட்டார ரப்பர்த் தோட்டங்களில் கல்யாணம் என்றால் தேவதாஸ் கீபோர்டு, அவன் மனைவி பெட்ரிசியா பாட்டு. அப்படித்தான் பல வருஷமாக நடந்து வந்தது. ஆப்பரேஷனுக்குப் பிறகு தெமியாங்கிலிருந்து ஒரு பெண்ணைக் கூட்டிப்போய்ப் பாட வைத்தான். பெட்ரிசியா வீட்டில் கிடந்து பொருமினாள். பாடாத பெட்ரிசியாவோடு குடித்தனம் நடத்துவது எவ்வளவு கஷ்டம் என்று தேவதாசுக்குத்தான் தெரியும்.

அந்தக் கஷ்டத்தில்தான் புதுக் கீபோர்டு வாங்கினான். தாளமும் பக்கவாத்தியமும் தானே வாசிக்கும் பெட்டி அது. கூடவே ஹார்மனி என்று ஒரு வசதி. மைக்கில் ஒருவர் பாடினால், அந்தக் குரலை வைத்தே மூன்று குரல் செய்துகொள்ளும். ஒன்று அதே மெட்டை ஒரு ஸ்தாயி மேலே தூக்கிப் பாடும். மற்ற இரண்டும், தேவதாசின் இடது கை எந்தக் கார்டை, அதாவது எந்தச் சுரக்கூட்டைப் பிடிக்கிறதோ அதைப் பார்த்துப் பக்கத்தில் வந்து நிற்கும்.

வீட்டு ஹாலில் முதல் தடவை பாடிப் பார்த்தபோது ஸ்பீக்கரில் இனிப்பாக மூன்று பெண்கள் பாடினார்கள். பெட்ரிசியா அழுதேவிட்டாள்.

"நாந்தானாங்க அது?"

"நீதான். கொஞ்சம் மேல தூக்கி விட்டுருக்கேன், அவ்ளோதான்."

"அடியில என் சொந்தக் குரல் இருக்குதானே?"

"இருக்குலா," என்றான் தேவதாஸ், திரையைப் பார்த்தபடியே.

அப்படித் துணிந்துதான் மயிலம்மாள் மகன் வசந்தனின் கல்யாண விருந்துக்குப் பாட ஒப்புக்கொண்டாள். மயிலம்மாள், பெட்ரிசியா முன்பு குடியிருந்த தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் பக்கத்து வீட்டுக்காரி; இப்போது போனில்தான் பேச்சு. இன்றைக்குச் சரியாகப் போனால் இனிமேலும் பாடுவது, கேலியாகிவிட்டால் மைக்கை இனித் தொடுவதேயில்லை என்று பெட்ரிசியா மனசுக்குள் முடிவு கட்டியிருந்தாள்.

தோட்டத்து மண்டபத்தில் பந்தி நடந்துகொண்டிருந்தது. மணமக்களை வரவேற்கும் பாட்டு. பல்லவி பிரமாதமாகப் போயிற்று. ரசத்தை மறந்து இரண்டு பேர் நிமிர்ந்து பார்த்தார்கள். பெட்ரிசியாவுக்கு உச்சி குளிர்ந்தது. சரணத்துக்குள் நுழைந்தாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் தோட்டத்துக் கோயில் தலைவர் மணியம் கையில் பொன்னாடையோடு மேடை ஏறினார். வாசிக்க வந்தவனுக்குப் பொன்னாடை போர்த்தாமல் எந்தத் தோட்டத்திலும் விருந்து முடியாது, அது சரி. பாட்டு முடியட்டுமே என்று காத்திருக்கலாம் அல்லவா? மாட்டார். செண்டாயானில் இன்னொரு கல்யாணத்துக்கு அவர் போயாக வேண்டும்.

போர்த்தியதோடு விட்டிருந்தாலும் பிழைத்திருக்கலாம். தேவதாசின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு கேமராவைப் பார்த்துச் சிரித்தார்.

"தலைவரே, கை... பாட்டு போவுது..."

"இரு தம்பி, ஒரு போட்டோதான். டேய், இன்னொண்ணு எடு."

தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கிய பழைய மண்டோரின் பிடி அது, லேசில் விடாது. கீபோர்டு பாவம், கடைசியாகப் பிடித்த கார்டிலேயே தாளம் போட்டுக்கொண்டிருந்தது. பெட்ரிசியாவின் மெட்டு நகர்ந்தது. பக்கத்துக் குரல்கள் இரண்டும் நகர வழியில்லாமல், முளையில் கட்டிய ஆடுகள் மாதிரி அங்கேயே சுற்றிக்கொண்டு அபஸ்வரமாகக் கத்தின. முன்வரிசைப் பிள்ளைகள் களுக்கென்று சிரித்தார்கள்.

பெட்ரிசியாவுக்கு முகம் சிவந்தது. இந்த இரண்டு சனியன்களும் ஒழிந்தால் போதும், சொந்தக் குரலிலாவது முடித்துவிடலாம் என்று நினைத்தாள். கீபோர்டில் ஹார்மனி பொத்தான் எது என்று அவளுக்குத் தெரியும். எட்டி அமுக்கினாள்.

மூன்று குரலும் நின்றன. தாளம் மட்டும் கேட்டது. அவள் பாடிக்கொண்டுதான் இருந்தாள். தொண்டை அதிர்ந்தது, ஸ்பீக்கரில் ஒன்றுமே வரவில்லை. மைக்கைத் தட்டினாள். அதுவும் கேட்கவில்லை.

"மைக் செத்துப் போச்சு!" என்றது ஒரு குரல் பந்தியிலிருந்து.

மைக் சாகவில்லை என்று தேவதாசின் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. மணியம் கையை விட்டுவிட்டுக் கீழே இறங்கியிருந்தார். தேவதாஸ் தாளத்தை நிறுத்தினான். பொன்னாடை கழுத்தில் கிடக்க, திருடிவிட்டு அகப்பட்டவன் போல உட்கார்ந்திருந்தான்.

"என் குரல் எங்கங்க?"

"பெட்ரி, வீட்டுக்குப் போயி சொல்றேன்."

"இப்ப சொல்லுங்க."

"சைபர்ல வச்சிருக்கேன்," என்றான் தணிந்த குரலில். "மெஷின் செய்யிற குரல் மட்டுந்தான் வெளிய போவும். மொதல்லேருந்தே அப்படித்தான். யாராச்சும் சிரிச்சா நீ தாங்க மாட்டேன்னு..."

அழுகை வரும் என்றுதான் பெட்ரிசியா நினைத்தாள். வந்தது கோபம். ஊர் சிரிப்பதற்கு முன்னால் கட்டினவனே காதைப் பொத்திக்கொண்டானே என்ற கோபம். அறுத்த டாக்டர் கூடக் குரலைக் கொஞ்சம் மிச்சம் வைத்தார். இந்த மனுஷன் அதையும் துடைத்து வைத்திருக்கிறான்.

"ஏத்துங்க."

தேவதாஸ் திருகினான்.

"இன்னும்," என்றாள். அந்த ஒரு வார்த்தை கரகரவென்று மண்டபம் முழுக்கக் கேட்டது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள். "சுருதிய எறக்குங்க. பல்லவிலேருந்து போறேன்."

இறக்கினான். பாடினாள். இரண்டு இடத்தில் குரல் உடைந்தது. உடைந்த இடத்தில் நிற்காமல் தாண்டிப் போனாள். பிள்ளைகள் சிலர் சிரிக்கத்தான் செய்தார்கள். கேட்டவர்கள் கேட்டார்கள், பாயசம் கேட்டவர்கள் பாயசம் கேட்டார்கள். முடித்தபோது கை தட்டினார்கள். வழக்கமாகத் தட்டுவதைவிடக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

மயிலம்மாள் மேடை ஓரம் வந்து ஒரு தட்டில் பலகாரத்தை நீட்டினாள்.

"மொதல்ல யாரோ மூணு பொண்ணுங்க பாடுனாங்களே, யாருடி அவளுங்க? நீ வரலையோன்னு நெனச்சிட்டேன். அப்புறந்தான் உன் சத்தம் கேட்டுச்சு."

"இது என் சத்தந்தான்னு எப்படிக்கா தெரிஞ்சிச்சு? மாறிப் போச்சே."

"மாறுனா என்ன? ஆஸ்பத்திரிலேருந்து வந்த நாள்லேருந்து இந்தச் சத்தத்துலதானே போன்ல பேசுற?"

சொல்லிவிட்டு மயிலம்மாள் பந்தியைக் கவனிக்கப் போய்விட்டாள். பெட்ரிசியா பலகாரத்தைக் கடித்தபடி தேவதாசைப் பார்த்தாள். அவன் பொன்னாடையை மடித்துக் கொண்டிருந்தான். மடித்ததையே மறுபடி மடித்தான்.

"அடுத்தது நாம ரெண்டு பேரும் பாடுற டூயட்டு," என்றான் தயங்கி. "ஹார்மனி போடவா?"

"போடுங்க," என்றாள் பெட்ரிசியா. "உங்க மைக்குக்கு."