எந்தக் கூண்டில் அம்மா

"பூமாலையக் காலையிலேயே அம்மாகிட்டக் கொடுத்துட்டேன்னு ஐயுன் சொல்றா. நிஜமாம்மா?" என்று போனில் கேட்டார் சிரின் டீச்சர்.

பிகுல் அப்போதுதான் சுங்கச்சாவடிக் கூண்டை விட்டு இறங்கித் தேநீர் குடிக்க உட்கார்ந்திருந்தாள். அவள் விடியும் முன்பே வீட்டை விட்டுக் கிளம்பிவிட்டாள். அப்போது மகள் ஐயுன் போர்வைக்குள் சுருண்டு கிடந்தாள். காலையிலிருந்து பிகுலின் கைக்கு வந்ததெல்லாம் நோட்டும் சில்லறையும்தான். பூ எதுவும் வரவில்லை.

"ஆமா டீச்சர், கொடுத்தா" என்றாள் பிகுல்.

ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. மகளைப் பொய்க்காரி ஆக்க வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

"சரி. எல்லாப் பிள்ளைகளும் மண்டிபோட்டு அம்மா மடியில மாலை வெச்சாங்க. இவ மட்டும் காலி நாற்காலி முன்னாடி வெறும் கையோட கும்பிட்டா. அழவே இல்ல. அதான் கேட்டேன்."

மறுநாள் அன்னையர் தினம். நாடு முழுக்க விடுமுறை என்பதால் பள்ளிகளில் முந்தின நாளே விழாவை வைத்துவிடுவார்கள். அந்த விழா நாளில்தான் பாங்காக்கே காரில் ஏறி ஊருக்குக் கிளம்பும். விரைவுச்சாலைச் சுங்கச்சாவடியில் வேலை பார்க்கும் எந்தப் பெண்ணுக்கும் அன்று விடுப்பு கிடையாது. பிகுல் கேட்டுப் பார்த்தாள். மேலாளர் சிரித்தார். "இங்க இருக்கறவங்க எல்லாருமே அம்மாதான். எல்லாரும் போயிட்டா கதவ யார் தொறக்கறது?"

தேநீர் ஆறிப்போனது. பூமாலை எங்கே போயிற்று? அந்தக் கேள்வி பொழுது சாயும்வரை ஒவ்வொரு காரோடும் வந்து நின்றது.

கூடுதல் நேரம் பார்த்துவிட்டு அவள் வீடு சேரும்போது ஐயுன் எம் என்ற பக்கத்து வீட்டு அக்காவின் தின்பண்ட டப்பாவைத் துழாவிக்கொண்டிருந்தாள். விடியலில் ஐயுனை எழுப்பி, குளிக்க வைத்து, பள்ளி வேனில் ஏற்றிவிடுவது எம் அக்காதான். அந்த ஊர்க்கோடியிலிருந்து நகரத்துக்குள் இருக்கும் பெரிய பள்ளிக்குப் போக அரைத் தூக்கத்தில் கிளம்பினால்தான் முடியும். அங்கே சீன மொழி உண்டு, நீச்சல் குளம் உண்டு. அந்தப் பள்ளிக் கட்டணத்துக்காகத்தான் பிகுல் கூடுதல் நேரம் பார்த்தாள். தெற்கே லாரி ஓட்டும் கணவன் அனுப்புவது சோற்றுக்கும் வாடகைக்கும் சரியாகிவிடும்.

வீட்டுக்குப் பின்னால் புத்த விகாரைப் பள்ளி இருந்தது. நடந்தே போய்விடலாம், கட்டணமும் இல்லை. அடுத்த பருவத்துக்கு ஓர் இடம் இருக்கிறது, வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லுங்கள் என்று தலைமையாசிரியர் சொல்லியிருந்தார். அங்கே சேர்த்தால் கூடுதல் நேரம் வேண்டாம், சாயங்காலம் முழுக்க மகளோடு இருக்கலாம். ஆனால் கேட்டபோதெல்லாம் ஐயுன் சொன்னது ஒரே வார்த்தைதான்: "மாட்டேன்." காரணம் கேட்டால் தலையைக் குனிந்துகொள்வாள்.

ஒட்டரிசிச் சோற்றையும் சுட்ட இறைச்சியையும் தட்டில் வைத்தபடி பிகுல் மெதுவாகக் கேட்டாள். "மாலையை யார்கிட்டடி கொடுத்தே?"

"உன்கிட்டதான்."

"என்கிட்டயா?"

"காலையில சாக் மாமாகிட்டக் கொடுத்தேன். அவரு காசோட சேத்து உன்கிட்ட நீட்டினாரு. நீ வாங்கி மோந்து பாத்துட்டுக் கும்பிட்டியே! அதுக்குள்ள மறந்துட்டியா?"

சாக் மாமா பள்ளி வேன் ஓட்டுபவர். நகரத்துக்குள் போக அந்த வேன் பிகுலின் சாவடியைத் தாண்டித்தான் போக வேண்டும். பிகுலின் கை சோற்றில் அப்படியே நின்றது. ஐயுன் பேசிக்கொண்டே போனாள்.

"தினமும்தான் நான் உன்னப் பாக்கறேன். நீ கையாட்டுவே. ஒரு நாள் விரல மடக்கி இதயம் காட்டினே, வேன்ல எல்லாரும் ஓன்னு கத்தினாங்க. சில நாள் மட்டும் நீ நிமிர்ந்தே பாக்க மாட்டே. அன்னிக்கு உனக்கு நெறைய வேலைன்னு நெனச்சுப்பேன்."

"அதனாலதான் விகாரைப் பள்ளிக்கு மாட்டேன்னியா?"

"அங்க போனா காலையில உன்ன எப்படிப் பாக்கறது?" என்றாள் ஐயுன். இதுகூடவா தெரியாது என்பது போல இருந்தது அவள் குரல்.

பிகுல் யாருக்கும் கையாட்டியதில்லை. சாவடியில் அவள் முகங்களைப் பார்ப்பதே இல்லை. கைகளைத்தான் பார்ப்பாள். மோதிரம் போட்ட கை, கிரீஸ் படிந்த கை, சில்லறை இல்லாமல் தடுமாறும் கை. சாக் மாமாவின் கையைக்கூட அவள் எத்தனையோ முறை பார்த்திருக்கலாம்.

விடுமுறை முடிந்து வேலைக்குப் போன அன்று, உடை மாற்றும் அறையில் தொப்பியைச் செருகிக்கொண்டே பொதுவாகக் கேட்டாள். "அன்னிக்கு யாருக்காவது மல்லிகை மாலை வந்துச்சா?"

மூலையில் காலணிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்த லம்யை அக்கா நிமிர்ந்தாள். "எனக்கு வந்துச்சு! ஏன்? இந்த வயசுலயும் எனக்கு ஒருத்தன் மாலை நீட்டறானேன்னு பூரிச்சுப்போய் வாங்கி வெச்சிருக்கேன், அதுல பங்கு கேக்காத."

அறையில் சிரிப்பு எழுந்தது.

"வெள்ளை வேனா அக்கா? கண்ணாடியில முயல் படம் ஒட்டின வேனா?"

"ஆமா, அதேதான். அதுல பின்னாடி ஒரு குட்டி இருக்கும். மூக்க ஜன்னல்ல அழுத்திக்கிட்டு 'அம்மா'ன்னு கத்தும். யாரைப் பாத்தாலும் அம்மாதான் அதுக்கு."

"எனக்கும் கத்தியிருக்கு" என்றாள் இன்னொருத்தி. "நான் ரெண்டு கையையும் ஆட்டுவேன்."

"எந்தக் கூண்டுக்கு வந்தாலும் நாங்க ஆட்டிடுவோம். விட்டா அது முகம் தொங்கிடும்." லம்யை குரலைத் தாழ்த்தினாள். "நம்மள்ல ஒருத்தி மட்டும் ஆட்டறதே இல்லடி. மறுநாள் அது வரும்போது சந்தேகமாவே பாக்கும். யாருடா அந்தக் கல்நெஞ்சக்காரின்னு நாங்க பேசிக்குவோம்."

ஒரே கூண்டை ஓர் ஆளுக்கு இரண்டு நாள் தொடர்ந்து தரமாட்டார்கள். ஓட்டுநர்களோடு பழக்கம் வைத்துக்கொள்ளக் கூடாது என்று தினமும் சீட்டு எடுத்துத்தான் அனுப்புவார்கள். எல்லாருக்கும் ஒரே நீலச் சட்டை, ஒரே தொப்பி. புகைக்காகக் கண்வரை ஏற்றிய முகக்கவசம். வேனும் எந்த வரிசை சின்னதோ அதில்தான் நுழையும்.

"அந்தக் கல்நெஞ்சக்காரி நான்தான்" என்றாள் பிகுல். "அந்தக் குட்டி என்னோடது."

லம்யை எழுந்து தன் பெட்டியைத் திறந்து, பழுப்பேறிய மாலையை எடுத்து நீட்டினாள். பிகுல் வாங்கிக்கொள்ளவில்லை.

"வெச்சுக்கங்க அக்கா. மோந்து பாத்துக் கும்பிட்டது நீங்கதானே."

அன்று இரவுச் சோறு முடிந்ததும் மகளிடம் சொல்லிவிடுவது என்று பிகுல் முடிவு செய்தாள். சொல்லாமல் இருந்தால் ஐயுன் சந்தோஷமாகவே வேனில் போவாள். ஆனால் அந்தச் சந்தோஷத்தை நம்பி எந்தப் பள்ளி என்று எப்படி முடிவு செய்வது?

சொன்னாள். ஐயுன் அழுவாள் என்று கைத்துண்டுகூடப் பக்கத்தில் வைத்திருந்தாள். ஐயுன் அழவில்லை. கண்ணைச் சுருக்கி யோசித்தாள்.

"அப்ப விரல்ல இதயம் காட்டினது?"

"என்கூட வேலை பாக்கற லம்யை பெரியம்மாவா இருக்கும்."

"ரெண்டு கையையும் ஆட்டினது?"

"அது இன்னொரு அக்கா."

"நிமிர்ந்தே பாக்காதது?"

"அதுதான்டி நான்."

ஐயுனின் முகம் மலர்ந்தது. "அப்ப நான் உன்னையும் பாத்திருக்கேன்!"

பிகுல் அந்தத் துண்டால் தன் முகத்தைத்தான் துடைத்துக்கொண்டாள். பிறகு, இத்தனை நாள் ஒருமுறைகூடக் கேட்காத ஒன்றைக் கேட்டாள். "அம்மா வீட்டுல இருக்கறதுன்னா உனக்கு எப்போ இருக்கணும்? காலையிலயா, சாயங்காலமா?"

"காலையில."

"சாயங்காலம் வேண்டாமா? சேர்ந்து சாப்பிடலாம், பாடம் எழுதலாம்..."

"சாயங்காலம் எனக்குத் தூக்கம் தூக்கமா வரும்மா. காலையிலதான் சொல்றதுக்கு நெறைய இருக்கும். கனவெல்லாம் வரும்ல? எம் பெரியம்மா 'சீக்கிரம், சீக்கிரம்'னு துணியப் போட்டுவிடுவாங்களே தவிர கேக்கவே மாட்டாங்க."

வெள்ளிக்கிழமை பிகுல் விகாரைப் பள்ளியில் சரி என்று சொல்லிவிட்டு வந்தாள். கூடுதல் நேரத்தை விட்டாள். சாவடியில் யாரும் விரும்பாத பிற்பகல் முறையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். இனி இரவுதான் வீடு திரும்ப வேண்டும். "பகல் வேலைய விடறவ உலகத்துல நீ ஒருத்திதான்டி" என்று லம்யை திட்டினாள். சீன மொழியும் நீச்சல் குளமும் கையை விட்டுப் போவது பிகுலுக்கு உறுத்தத்தான் செய்தது. நாளைக்கு வளர்ந்தபிறகு ஏன் என்னை அங்கிருந்து எடுத்தாய் என்று மகள் கேட்கலாம். பள்ளிவிட்டு வரும் ஐயுனைச் சாயங்காலத்தில் எம் அக்காதான் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு பக்கம் போர்த்தினால் மறுபக்கம் குளிர்கிறது.

பருவத்தின் கடைசி நாள் பிகுலுக்கு விடுப்பு. பள்ளியிலிருந்து ஐயுனின் சாமான்களை எடுத்து வர அவளும் வேனில் ஏறிக்கொண்டாள். பின் இருக்கையில் ஒடுங்கி உட்கார்ந்தாள். முன்னால் பிள்ளைகள் தூங்கி விழுந்துகொண்டிருந்தார்கள். ஐயுன் மட்டும் விழித்திருந்து தான் கண்ட கனவைச் சொல்லிக்கொண்டே வந்தாள். அதில் ஒரு யானை சில்லறை எண்ணியது.

சாவடி நெருங்கியதும் சாக் மாமா திரும்பிப் பார்த்தார். "எந்தக் கூண்டுக்கு விடட்டும், பாப்பா?"

"எதுக்கு வேணும்னாலும் விடுங்க மாமா. யாருன்னு பாக்கலாம்."

இத்தனை வருஷத்தில் பிகுல் சாவடியை வெளியிலிருந்து பார்ப்பது அதுவே முதல் தடவை. கூண்டு அவள் நினைத்ததைவிடச் சின்னதாக இருந்தது. உள்ளே நீலச் சட்டை, தொப்பி, கண்வரை ஏறிய முகக்கவசம். ஒரு கை காசை வாங்கியது. மற்றக் கை உயர்ந்து ஆடியது. ஐயுன் மூக்கை ஜன்னலில் அழுத்திக்கொண்டாள்.

"அம்மா, இது யாரு? லம்யை பெரியம்மாவா?"

பிகுல் உற்றுப் பார்த்தாள். தினமும் அறையில் தோளோடு தோள் இடித்துக்கொள்ளும் பெண்கள்தான். ஆனாலும் யாரென்று அவளுக்கும் தெரியவில்லை. தன் மூக்கையும் ஜன்னலில் அழுத்தி, கையை உயர்த்தி ஆட்டினாள்.

கூண்டுக்குள் இருந்தவள் ஒரு கணம் திகைத்தாள். பிறகு முகக்கவசத்தின் ஓரத்தைப் பிடித்துக் கீழே இறக்கத் தொடங்கினாள்.