போடாத அடைப்புக்குறி

கண்ணையனின் வலது கையில் இரண்டு விரல்கள் போனதற்கு நான்தான் காரணம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்துப் பேசுவது எனக்கு ஆகாது.

என் பெயர் கலைமதி. திண்டிவனத்தில் ஒரு சின்னப் பட்டறையில், பாசன மோட்டாரை ஓட்டும் பெட்டிகளுக்கு புரோகிராம் எழுதுகிறேன். வீட்டிலிருந்தபடியே பெட்டியின் எண்ணுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை போட்ட கொல்லையில் மோட்டார் ஓடும். டைமரில் நேரம் குறித்து வைத்தாலும் ஓடும். மோட்டாரில் கை வைத்து வேலை பார்ப்பவர்களுக்காக ஒரு பூட்டுச் சுவிட்சும் உண்டு. அதைப் போட்டுவிட்டால் எதற்கும் ஓடக் கூடாது.

நான் எழுதிய வரி இது: மிஸ்டு கால் வந்தால், அல்லது டைமர் நேரம் வந்தால், மேலும் பூட்டு போடாமல் இருந்தால், ஓடு. படிக்கிற மனிதருக்குப் புரிந்துவிடும். கம்ப்யூட்டரோ ‘மேலும்’ என்பதைத்தான் முதலில் சேர்க்கும். டைமரையும் பூட்டையும் ஒன்றாகக் கட்டிவிட்டு மிஸ்டு காலைத் தனியே விட்டுவிட்டது. கால் வந்தால் போதும், பூட்டைப் பார்க்கவே பார்க்காது. முதல் இரண்டையும் அடைப்புக்குறிக்குள் போட்டிருந்தால் தீர்ந்தது. கல்லூரியில் முதல் வருடப் பாடம். பூட்டைப் போட்டு டைமரில் சோதித்தேன், ஓடவில்லை. பூட்டைப் போட்டுவிட்டு போன் அடித்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

அனந்தபுரம் பக்கத்தில் கண்ணையன் பூட்டைப் போட்டுவிட்டு, கசிந்துகொண்டிருந்த மோட்டாரைச் சரிசெய்துகொண்டிருந்தார். வீட்டில் அவர் மனைவி அம்சவள்ளி, அது தெரியாமல், மோட்டாருக்கான மும்முனை கரண்ட் வந்துவிட்டதென்று வழக்கம்போல மிஸ்டு கால் கொடுத்தார். மோட்டார் சுழன்றது.

முதலாளி ஆனந்தராஜ், அந்த ஆள் பூட்டைச் சரியாகப் போட்டிருக்க மாட்டார் என்றார். நான் வரியைக் காட்டினேன். அவர் முகம் செத்துப்போயிற்று. பெட்டி வாங்கிய எல்லோருக்கும் அன்றே போன் செய்து நிறுத்தச் சொன்னோம். பிறகு ஒவ்வொன்றாகத் திருத்தினோம். கண்ணையனிடம் மட்டும் வாய் திறக்க வேண்டாம், வேறு ஆளை அனுப்பிக்கொள்கிறேன் என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நானே பஸ் ஏறினேன்.

போனைத் தொட்டு இருபது நாளாகிறது என்றார் அம்சவள்ளி. கணவர் அன்றிலிருந்து அவரோடு பேசவில்லையாம். புருஷன் விரலை எடுத்தவள் என்று ஊரில் பேச்சாம். கண்ணையன் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, நீங்க பூட்டு சரியாத்தான் போட்டீங்க. அக்கா போன் பண்ணதும் தப்பில்ல. நான் எழுதனதுலதான் தப்பு," என்றேன்.

கண்ணையன் எழுந்து கொல்லைக்கு நடந்தார். நாங்கள் பின்னால் போனோம். நான் பெட்டியைத் திருத்தி முடித்ததும், இடது கையால் அவரே பூட்டைப் போட்டார். எல்லோரையும் மோட்டாரைவிட்டுத் தள்ளி நிற்கச் சொல்லி, தன் போனை மனைவியிடம் நீட்டினார். நான் அடிக்கிறேன் என்றேன்.

"நீ வேணாம்மா. அவ அடிக்கட்டும்."

அம்சவள்ளி மாட்டேன் என்று தலையாட்டி அழுதார். கண்ணையன் நீட்டிய கையை மடக்கவில்லை. கடைசியில் அம்சவள்ளி போனை வாங்கி அடித்தார். ஒருமுறை மணி போனது, துண்டித்தார். மோட்டார் ஓடவில்லை. இனி ஓடாது என்று தெரிந்த பிறகும் மூவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"உம்மேல ஒண்ணும் இல்ல, அம்சா," என்றார் கண்ணையன்.

அம்சவள்ளி அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார். கண்ணையன் போனை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு என் பக்கம் திரும்பினார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"ஒரே ஒரு போன்தானம்மா. அன்னிக்கே அடிச்சிப் பாத்திருக்கலாம் இல்ல?"