தம்பி தேடிய புண்ணியம்

மகள் வீடு மாறுகிறாள் என்று இரண்டு நாள் ஒத்தாசைக்குக் கிளம்பிய தையல்காரி, வீட்டைக் கொழுந்தனிடம் ஒப்படைத்து, தன் இரண்டு லவ்பேர்ட்ஸ் குருவிகளின் கூண்டின்மேல் ஒரு காகிதத்தை ஒட்டிவிட்டுத்தான் படியிறங்கினாள். தினை இரண்டு கரண்டி. தண்ணீரைக் காலையில் மாற்ற வேண்டும். ஃபேன் போடக் கூடாது. சமைக்கும்போது தாளிப்புப் புகை அந்தப் பக்கம் போகக் கூடாது. இப்படி ஆறு. ஏழாவதாக, சிவப்பு மையில்: ஜன்னலைத் திறக்கவே கூடாது. இத்தனை எழுதியவளுக்கு, கூண்டுக் கதவைத் திறந்து துரத்திவிடாதே என்று எட்டாவதாக ஒன்று எழுதத் தோன்றவில்லை. யாருக்குத்தான் தோன்றும்?

திரும்பி வரும் வழியில், பேருந்தில், கைபேசியை எடுத்துப் பார்த்தாள். குடும்பக் குழுவில் கொழுந்தன் ஒரு வீடியோ போட்டிருந்தான். அவளுடைய ஜன்னல்தான். தையல் சாமான்களின் பெயரையே வைத்து அவள் வளர்த்த இரண்டில், மஞ்சள் நிறப் பித்தான் ஏற்கெனவே போய்விட்டது. நீல நிறப் பாபின் மட்டும் ஜன்னல் கம்பியில் உட்கார்ந்துகொண்டு, போக மனமில்லாமல், வீட்டுக்குள் திரும்பித் திரும்பிப் பார்த்தது. ஒரு கை வந்து வாலில் தட்டியது. அவ்வளவுதான். கீழே, ‘சுதந்திரத்தைவிடப் பெரிய தானம் உண்டா?’ என்று எழுதியிருந்தான். அதற்கு இருபத்தாறு பேர் கைதட்டியிருந்தார்கள். அவளுடைய கூடப்பிறந்த அக்காவே, ‘தங்கமான மனசு தம்பி’ என்று போட்டிருந்தாள்.

மூன்று மாடியை எப்படி ஏறினாள் என்று அவளுக்கே தெரியாது. கொழுந்தன் தையல் முக்காலியில் சௌகரியமாக உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பேருந்து நடத்துநர் வேலை. சிரித்த முகம்.

“என்ன பண்ணிவெச்சிருக்கீங்க?”

பத்தொன்பது வருஷமாக ‘வா, போ’ என்று பேசிய அண்ணி ‘நீங்க’ போட்டதும் டம்ளரை வைத்துவிட்டு எழுந்துவிட்டான்.

“பாவம் அண்ணி. இத்துனூண்டு வீட்டுல, அதுக்குள்ள இத்துனூண்டு கூண்டு. எனக்கு மனசு கேக்கல.”

“மனசு கேக்கலைன்னா உங்க வீட்டுல போய் எதையாவது திறந்துவிடுங்க. கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைக்கச் சொல்லி உங்களை யாரு கூப்பிட்டா?”

“பறவைன்னா பறக்கணும்ல?”

“அதுங்க முட்டையிலேருந்து வந்ததே கூண்டுல. தினை கிண்ணத்துல இல்லைன்னா சாப்பாடு எங்க இருக்கும்னே தெரியாது. காக்கா வந்தா, சொந்தக்காரங்க வந்த மாதிரி பார்த்துக்கிட்டு நிக்கும். உங்களை நடுக்கடல்ல இறக்கிவிட்டு, மனுசன்னா நீந்தணும்லன்னு நான் வீடியோ எடுக்கட்டுமா?”

அவன் ஜன்னல் பக்கம் திரும்பி வானத்தைப் பார்த்தான்.

மணி மூன்றரை. இருட்ட இன்னும் இரண்டரை மணி நேரம். இருட்டுவதற்குள் வராவிட்டால் பசியோ பூனையோ, ஏதோ ஒன்று முந்திக்கொள்ளும். தையல்காரி செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“மெஷினைத் தூக்குங்க. பால்கனிக்கு.”

“மெஷினா? எதுக்கு?”

“தூக்குங்கன்னா தூக்குங்க. கூண்டைத் திறக்கத் தெரிஞ்ச கைதானே?”

நாலு வருஷமாக அந்த ஒற்றை அறையில் மெஷின் ஓட ஆரம்பித்தால் இரண்டும் கத்த ஆரம்பிக்கும், நிறுத்தினால் நிறுத்தும். வெளியே அவற்றுக்குத் தெரிந்த சத்தம் என்று ஒன்று இருந்தால் அது இதுதான். இரும்புக்கால் மெஷினை மூச்சு வாங்க இழுத்துவந்தான் கொழுந்தன். இரண்டு பேர் நின்றாலே முட்டிக்கொள்ளும் பால்கனி அது. துணிக்கொடியில் கூண்டு தொங்கியது, கதவு திறந்தபடி, உள்ளே ஒரு தினைக்கதிரோடு. வெறும் மெஷினை ஓட்ட மனசு வராமல், பாதியில் கிடந்த பள்ளிச் சீருடைச் சட்டையை ஊசிக்கடியில் வைத்து மிதிக்கத் தொடங்கினாள்.

முதல் கை முடிந்தது. இரண்டாவது கையும் முடிந்தது. காலரை வைக்கும்போது எதிர்க் கட்டடத்துத் தண்ணீர்த் தொட்டிப் பக்கமிருந்து பதில் வந்தது. அவள் வேகத்தைக் குறைக்கவில்லை. ஒரு நீலப் பொட்டு தொட்டியிலிருந்து மின்கம்பிக்கு வந்தது, கம்பியிலிருந்து கொடிக்கு வந்தது, கூண்டுக்குள் விழுந்தது. பாபின்! வாலில் இரண்டு இறகைக் காணோம். உடம்பெல்லாம் நடுக்கம். கதவைச் சாத்தி, பித்தானுக்காகக் கூண்டின்மேல் இன்னொரு தினைக்கதிரை வைத்துவிட்டு மறுபடி மிதித்தாள்.

ஐந்தரைக்குப் பித்தானும் வந்தது. எதிர்க் கம்பியில், இருபதடி தூரத்தில். கூண்டிலிருந்து பாபின் கூப்பிட்டது. பித்தான் கழுத்தைச் சாய்த்துக் கேட்டது. அதே கம்பியின் கோடியில் இரண்டு காக்கைகள் வந்து உட்கார்ந்தன. தையல்காரி மூச்சைப் பிடித்துக்கொண்டு, காலை மட்டும் நிறுத்தாமல் மிதித்தாள். இன்னும் ஒரே ஒரு தாவல்.

கொழுந்தனால் பொறுக்க முடியவில்லை. சட்டைப்பையிலிருந்து விசிலை எடுத்தான். இருபது வருஷத் தொழில் பழக்கம். எதை விரட்டுவதென்றாலும் கை அங்கேதான் போகும். காக்கைகளைப் பார்த்து ஊதினானே ஒரு ஊது!

காக்கைகள் அசையவில்லை. நகரத்துக் காக்கைகள், எத்தனை விசில் கேட்டிருக்கும். பித்தான்தான் விருட்டென்று எழும்பி, தொட்டியைத் தாண்டி, கட்டடங்களுக்குப் பின்னால் மறைந்தது.

மெஷின் நின்றது.

“அண்ணி, காக்காயைத்தான்…”

“ஒரே நாள்ல ரெண்டு தடவை துரத்திட்டீங்க.”

“ஒண்ணுதான் வந்துடுச்சே அண்ணி. இன்னொண்ணு… அதோட விதி.”

“விதி விசில் அடிக்குமா?”

அவன் விசிலைச் சட்டைப்பைக்குள் திணித்தான். வானம் மங்கிக்கொண்டு வந்தது.

“விடியும்போது அது கத்தும்,” என்றாள். “எங்கேருந்து கத்துதுன்னு தேடிப் போக ஆள் வேணும். நான் மெஷினை விட்டு எழுந்திருக்க முடியாது. அஞ்சு மணிக்கு இங்க இருங்க.”

“காலையில முதல் வண்டி எனக்குத்தான் அண்ணி.”

“லீவு சொல்லுங்க. இப்பவே. என் முன்னாடி.”

அவன் டிப்போவுக்குப் போன் போட்டான்.

“சார், நாளைக்கு ஒரு நாள் லீவு வேணும்… உடம்புக்கு ஒண்ணுமில்ல சார். வீட்டுல ஒருத்தரைக் காணோம்… மத்தியானத்துலேருந்து… சின்னதுதான் சார். நாலு வயசு… இல்ல சார், கோவிச்சுக்கிட்டெல்லாம் போகல.”

அண்ணியைப் பார்த்தான். அவள் கண்ணை எடுக்கவில்லை.

“நான்தான் சார் துரத்திவிட்டேன்.”

அந்தப் பக்கமிருந்து வந்த வசவு பால்கனி முழுக்கக் கேட்டது. அவன் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தான். தையல்காரி அதைக் கடைசி வார்த்தைவரை நின்று கேட்டாள். பிறகு உட்கார்ந்து, மிச்சமிருந்த வெளிச்சத்தில், பித்தான் போன திசையைப் பார்த்தபடி மிதிக்கத் தொடங்கினாள்.