கீழ்வரிசை முன்பல்

பள்ளிவாசலில் தொழவைக்கும் நசுருதீன் ஹஜ்ரத் பல் டாக்டரைத் தேடி ஸ்ரீரங்கம் வரைக்கும் போனதற்கு டாக்டரின் கைராசி காரணமில்லை. அவர் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்திலேயே ஒரு பல் ஆஸ்பத்திரி உண்டு. ஆனால் அங்கே போய் உட்கார்ந்தால் பள்ளிவாசல் ஜமாஅத்தில் பாதிப் பேர் பார்ப்பார்கள். பார்த்தவர்கள் சும்மா இருப்பார்களா? "ஹஜ்ரத்துக்குப் பல்லு ஆடுதாமே, இந்த வருஷம் தராவீஹ் தொழுகைக்கு ஓதப் போறது யாரு?" என்று சாயங்காலத்துக்குள் டீக்கடையிலேயே முடிவு பண்ணிவிடுவார்கள். அதனால்தான் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் டவுன் பஸ் ஏறி, காவிரியைத் தாண்டி, தொப்பியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். மார்பு வரை தொங்கும் தாடியை எந்தப் பையில் வைப்பது என்று அவர் யோசிக்கவில்லை.

டாக்டர் ரெங்கராஜ் எக்ஸ்ரேயைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிக் காட்டினார். கீழ்வரிசை முன்பல். அடியில் கறுப்பாகச் சீழ் கட்டியிருந்தது.

"வேர்ல விரிசல் மாதிரி தெரியுது பாய். எப்பவாவது அடிபட்டுச்சா?"

"வாலிபத்துல பைக்குல இருந்து விழுந்தேங்க."

"என்னைக் கேட்டா எடுத்துடறது நல்லது. எடுத்துட்டு இம்ப்ளான்ட் வச்சுக்கலாம். ஸ்க்ரூவை எலும்பு பிடிக்க மூணு மாசம் ஆகும். அது வரைக்கும் கழட்டி மாட்டுற பல்லு தரேன். இல்ல, ரூட் கேனல் பண்ணிப் பாக்கலாம். நிக்கலாம், நிக்காமலும் போகலாம். ஆனா ஆரம்பிச்சா பாதியில விடக் கூடாது."

"ரெண்டுல எதுல என் பல்லு வாயிலயே இருக்கும்?"

"ரூட் கேனல்ல."

"அப்ப அதையே பண்ணுங்க."

தனக்கு வேண்டியதை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு மற்றதை வாசலிலேயே விட்டுவிட்டு வரும் ஆளிடம் டாக்டர் என்னதான் செய்வார்?

ஹஜ்ரத்தின் கவலை வேறு. ரமலான் பிறக்க இரண்டு வாரம்கூட இல்லை. அந்த மாதத்து இரவுத் தொழுகையான தராவீஹில் முழுக் குர்ஆனையும் மனப்பாடமாக ஓதி முடிப்பவர் அவர். கீழ்ப்பல் இல்லாத வாயில் ஸீன், ஸாத் என்ற அரபி எழுத்துகள் எங்கே நிற்கும்? காற்று சந்து வழியே ஓடிப்போய்விடும். பஸ்ஸில் திரும்பி வரும்போது நாக்கு நுனியை அந்தப் பல்லுக்குப் பின்னால் வைத்து வைத்து முணுமுணுத்துப் பார்த்தார். பக்கத்து சீட்டுக்காரர் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்.

அவருக்குப் பின்னால் முதல் வரிசையில் நிற்பவன் ஜைத். ஓதும்போது ஹஜ்ரத் எங்காவது தவறினால், பின்னாலிருந்து சரியான வசனத்தை எடுத்துக் கொடுப்பது அவன் வேலை. அவனும் குர்ஆனை மனப்பாடம் செய்த ஹாபிஸ்தான். சின்ன வயது, நல்ல குரல், பல்லெல்லாம் கெட்டி. போன வருஷமே பள்ளிவாசல் தலைவர் அப்துல் ஹலீம், "ஜைதும் ஒரு வருஷம் ஓதட்டுமே ஹஜ்ரத், நீங்க கொஞ்சம் ஓய்வெடுங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் ஹஜ்ரத்துக்குச் சோறு இறங்காது. ஒரு வருஷம் நகர்ந்து நின்றால் அப்புறம் அந்த இடம் தனக்கில்லை என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

முதல் தடவை நரம்பை எடுத்து, மருந்து வைத்து, தற்காலிகமாக அடைத்து அனுப்பினார் டாக்டர். அடுத்த வாரம் கண்டிப்பாக வர வேண்டும் என்றார். ஏதோ கல்யாணம், ஏதோ மவுத், அடக்கம் என்று அந்த வாரம் தள்ளிப்போயிற்று. அதற்குள் ரமலான் பிறை தெரிந்துவிட்டது.

இனி எப்படிப் போவது? பகலில் வாய்க்குள் தண்ணீரைப் பீய்ச்சுவார்கள். ஒரு சொட்டு தொண்டைக்குள் இறங்கினாலும் நோன்பு போச்சு. மாலையில் நோன்பு திறந்த பிறகு இஷா தொழுகைக்குள் ஸ்ரீரங்கம் போய்த் திரும்ப நேரமில்லை, அப்புறம் தராவீஹ். மூன்று வேளை மாத்திரை விடியுமுன் சஹருக்கும் நோன்பு திறக்கும் இஃப்தாருக்குமாக இரண்டு வேளையாயிற்று. கிளினிக்கிலிருந்து போன் வந்தபோதெல்லாம் கட் பண்ணினார்.

இதே ஹஜ்ரத்தான் ரமலான் முதல் வெள்ளியில், சர்க்கரை நோயோடு நோன்பு வைத்து மயங்கி விழுந்த அப்துல் ஹலீமை உட்காரவைத்துக் கண்டித்தவர். "நோயாளிக்கு நோன்பு கடமை இல்லீங்க பாய். விட்டுப்போனதைப் பின்னாடி களாவா வச்சுக்கலாம். உடம்பைக் கெடுத்துக்கச் சொல்லி அல்லாஹ் சொல்லல." எவ்வளவு அழகாகச் சொன்னார்! ஊருக்குச் சொன்னதைத் தனக்குச் சொல்லிக்கொள்ள மட்டும் மனசு வரவில்லை.

தாடைக்கு அடியில் வீக்கம் கண்டது. தாடி மறைத்துக்கொண்டது. வீட்டில் மனைவி ஷஹனாஸின் கண்ணை மறைக்க முடியுமா? இஃப்தாரில் வடையைத் தொடாமல் கஞ்சியை மட்டும் உறிஞ்சினார். அப்புறம் கரண்டி நுழையும் அளவுக்குக்கூட வாய் திறக்கவில்லை.

"என்னங்க இது, கழுத்தே கல்லு மாதிரி இருக்கு. நாளைக்கு நோன்ப விடுங்க. ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"இருபத்தேழாம் கிழமை ராத்திரிக்குள்ள குர்ஆன் முடிஞ்சுரும். கொஞ்சம்தான் பாக்கி. பொறு."

"அதுக்கு நீங்க இருக்கணும்ல?"

 அவளுக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. பாத்திரங்களைச் சத்தமாக அடுக்கினாள்.

அன்றைய தொழுகையில் நாக்கு எழும்பவில்லை. பல் இருந்தது, நாக்குதான் அதனிடம் போய்ச் சேரவில்லை. எழுத்துகள் குழைந்தன. ஜைத் ஒரு தரம் எடுத்துக் கொடுத்தான், இரண்டாம் தரமும் கொடுத்தான். மூன்றாம் தரம் ஹஜ்ரத் வேண்டுமென்றே அவன் குரலைத் தாண்டிக்கொண்டு ஓதினார். வரிசைகளில் இருமல் கேட்டது. முடிந்ததும் ஜைத் மெதுவாக, "ஹஜ்ரத், உடம்பு சரியில்லையா?" என்றான். "உன் வேலையப் பாருப்பா" என்றார். அவன் கேட்டது அக்கறையில்தான். இவர் காதில் அது நாற்காலிக்குப் போடும் துண்டாக விழுந்தது.

மறுநாள் சாயங்கால அஸர் தொழுகைக்கு முன்னால் தூணோரம் உட்கார்ந்து இரவுக்கானதை ஓதிப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு எச்சில் விழுங்க முடியவில்லை. வாயோரம் வழிந்தது. மூச்சு விசில் அடித்தது. எழ முயன்று சரிந்தவரைத் தாங்கிப் பிடித்தவன் ஜைத். ஆட்டோவில் தன் மடியில் சாய்த்துக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவனும் அவனேதான்.

"பல்லுல இருந்த சீழ் கழுத்துக்கு இறங்கிருச்சும்மா. மூச்சுக் குழாயை அடைக்குது. கழுத்துல ஓட்டை போட்டாத்தான் உயிர் தங்கும்" என்றார்கள் ஷஹனாஸிடம். அவள் கேட்ட ஒரே கேள்வி, "ஓதுவாரா?" என்பதுதான். அந்த இளம் டாக்டருக்கு அது புரியவில்லை. பேசுவாரா என்று கேட்கிறாள் என நினைத்து, "குரல் வரும். பழைய குரலா வருமான்னு இப்பச் சொல்ல முடியாது" என்றார்.

இருபத்தேழாம் இரவில் ஜைத் குர்ஆனை ஓதி முடித்தான். மறுநாள் காலை பள்ளிவாசலில் பங்கிட்ட தப்ருக் இனிப்புப் பொட்டலத்தோடு வார்டுக்கு வந்தான். கட்டிலில் கிடந்தவரின் கழுத்தில் குழாய், தாடியை மழித்திருந்தார்கள். அந்த முகத்தை அவன் பார்த்ததே இல்லை. ஷஹனாஸ் பொட்டலத்தை வாங்கி, சாப்பிடக் கொடுக்க முடியாது என்று சொல்லாமல் தலைமாட்டில் வைத்தாள். பல்லை இன்னும் எடுக்கவில்லை, வாய் திறந்ததும் பிடுங்கிவிடுவார்கள் என்றாள். ஹஜ்ரத் தலையாட்டினார். இப்போது கேட்டால் அத்தனை பல்லையும் கொடுப்பார்.

"ஹஜ்ரத், உங்களுக்காக யாசீன் சூரா ஓதவா?"

சரியென்று கண்ணை மூடித் திறந்தார். அவன் பக்கத்தில் உட்கார்ந்து ஓதினான். நன்றாகவே ஓதினான். அது அவருக்கு வலித்தது, சந்தோஷமாகவும் இருந்தது. பல இரவுகளாகத் தூக்கமில்லாத பையன், பாதி ஓதும்போது ஒரு வசனத்தை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனான்.

நசுருதீன் எடுத்துக் கொடுத்தார். உதடு விரிந்தது. நாக்கு நுனி நேராகப் போய் அந்தப் பல்லுக்குப் பின்னால், நிற்க வேண்டிய இடத்திலேயே நின்றது. பல் அங்கேயே அசையாமல் இருந்தது. காற்று மட்டும் வாய்க்கு வராமல் கழுத்துக் குழாய் வழியே புஸ்ஸென்று போனது. மறுபடி முயன்றார். அதே புஸ். கட்டில் கம்பியைக் கையால் தட்டினார்.

ஜைத் பதறி நிறுத்தினான். "வலிக்குதா ஹஜ்ரத்? நர்ஸக் கூப்பிடவா?"

இல்லை என்று தலையசைத்தார். அவன் நிம்மதியாகி, நிறுத்திய இடத்திலிருந்து தொடர்ந்தான். அந்த ஒரு வசனம் இல்லாமலேயே ஓதி முடித்துக் கையேந்தி துஆ கேட்டான். ஷஹனாஸும் பக்கத்துக் கட்டில்காரரும் ஆமீன் சொன்னார்கள். நசுருதீனின் உதடும் அசைந்தது.