வீடு கொடுத்து அனுப்பிய பொம்மைகள்

களுதாவளை யசோதினி தைத்து விற்ற துணிப் பொம்மைகள் எல்லாம் அவளிடமே திரும்பி வந்தன. வாங்கியவர்கள் கொண்டு வந்து கொடுக்கவில்லை, அவை தாங்களாகவே வந்தன. நகரத்துக்குப் போனவை மறுநாளே வந்தன. கொழும்புக்குப் போனவற்றுக்கு ஒரு கிழமை எடுத்தது. வாவிக்கு அக்கரையில் கொக்கட்டிச்சோலைப் பக்கம் விற்றவை வள்ளத்தில் ஏறி, மீன்கூடைக்குப் பக்கத்தில் சத்தமில்லாமல் உட்கார்ந்து வந்தன. வள்ளக்காரர் கனகசிங்கம் அவற்றிடம் காசு கேட்டதில்லை. கைக்குழந்தைகளிடம் யார் கேட்கிறார்கள் என்பது அவருடைய நியாயம்.

யசோதினி அதற்கு முன் மட்டக்களப்பில் ஒரு பைனான்ஸ் கம்பனியில் இருந்தாள். தவணை தவறியவர்களின் ஓட்டோக்களைத் திருப்பி எடுப்பது அவள் பகுதியின் வேலை. அப்படி எடுத்து வந்த ஓட்டோ ஒன்றின் பின் சீற்றில் கை பிய்ந்த பொம்மை ஒன்று கிடந்தது. அவள் அதைத் தைத்து, விலாசம் தேடிப் போய் அந்த வீட்டுப் பிள்ளையிடம் கொடுத்தாள். ஓட்டோவைக் கொடுக்க அவளுக்கு அதிகாரம் இல்லை. அடுத்த மாதம் வேலையை விட்டுவிட்டாள். மனேஜர் நல்ல மனுசன். “கதிரைய வச்சிருக்கன் பிள்ள, வைகாசி மட்டும் பாப்பம்” என்று அவள் இடத்துக்கு ஆள் எடுக்காமல் வைத்திருந்தார்.

அவளோடு கெம்பஸில் படித்த காத்தான்குடி ஸுஹைனாவின் வீட்டில் கைத்தறி இருந்தது. வெட்டுத்துண்டுகளை அவள் கொண்டுவர, இருவரும் சேர்ந்து இரட்டைப் பின்னல் போட்ட பொம்மைகளைத் தைத்தார்கள். சுடச்சுட விற்றன, சுடச்சுடத் திரும்பின. பாசிக்குடாக் கடைக்காரன் சுதாகரன், “அக்கா, நேத்து அடுக்கின தட்டு இண்டைக்கு வெறுசாக் கிடக்கு. கள்ளனெண்டு பொலிசுக்கும் போயிட்டன்” என்று போன் எடுத்தான். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? கொடுத்ததைத் திருப்பி எடுத்துப் பழகிய கைதானே என்றது ஊர். யசோதினிக்கு அது சுட்டது, ஏனென்றால் அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள். வைகாசியும் கிட்டியது. இந்த வியாபாரம் சரிவராவிட்டால் திரும்பவும் அந்தக் கதிரையில்தான் போய் உட்கார வேண்டும்.

திரும்பி வந்தவற்றின் காலில் இருந்த சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தபோது ஸுஹைனா சிரித்தாள். “வீடு குடுக்காம பொம்புளப் புள்ளைய அனுப்பினா நிக்குமாடி? நம்மட ஊர்ல அப்பிடி வழக்கம் இரிக்கா?”

இல்லைதான். தமிழர் என்றாலும் முஸ்லிம்கள் என்றாலும் இந்தப் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவான். மகளுக்கு வீடு கட்டிக் கொடுப்பதற்காகத் தகப்பன்மார் வெளிநாட்டு வெயிலில் காய்கிறார்கள். இவர்கள் இருவருமோ பொம்மைகளை எல்லாம் பெண்களாகவே தைத்து வெறுங்கையோடு அனுப்பியிருக்கிறார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு பொம்மையோடும் துணியில் ஒரு வீடு தைத்தார்கள். கிணறு வைக்க மறந்த ஒன்று மட்டும் திரும்பி வந்து, கிணறு தைத்து முடியும் வரை காத்திருந்து, வீட்டைத் தூக்கிக்கொண்டு போனது.

மற்றவை போன இடத்திலேயே நின்றுவிட்டன. கனடாவிலிருந்தும் ஓடர் வந்தது. வைகாசியில் அந்தக் கதிரையில் வேறொருத்தி உட்கார்ந்தாள். ஆனால் பின்னேரங்களில் யசோதினி வாவிக்கரைக்குப் போய், வெறும் மீன்கூடைகளோடு வரும் வள்ளத்தைப் பார்த்துவிட்டு அழுதாள். திரும்பி வரக்கூடாது என்று பாடுபட்டவள் வரவில்லையே என்று அழுதால் யார்தான் என்ன சொல்லித் தேற்றுவது?

பிள்ளையார் கோயில் திருவிழா தொடங்கிய காலையில் பொம்மைகள் எல்லாம் வந்தன. முற்றத்தில் இடமில்லை. கடைசி நாள் தீர்த்தம் முடியும் வரை இருந்து, பிறகு தங்கள் தங்கள் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தன. இப்போது பெட்டியிலேயே அச்சடித்திருக்கிறார்கள்: திருவிழாக் காலத்தில் பிள்ளை தாய் வீட்டுக்குப் போய் வரும், தேட வேண்டாம். யாரும் குறை சொன்னதில்லை. டொரொன்டோவிலிருந்து ஒரு தாய் மட்டும், பொம்மை வரும்போது தன் மகளையும் கூட்டிக்கொண்டு வருமா, அவள் ஊரைக் கண்டதே இல்லை என்று கேட்டு எழுதினாள். “ஓம், அனுப்புங்க” என்று யசோதினி பதில் போட்டாள். போன திருவிழாவுக்குப் பொம்மையின் கையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பிள்ளையும் வந்து இறங்கியது. பாயில் இன்னொரு தலையணை போட வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.