உயிரோடு இருப்பவர்களைக் காட்டுவதில்லை

அம்மாவைக் கூடத்தில் கிடத்திவிட்டு அண்ணன் நாற்காலிகளுக்கு ஆள் அனுப்பிக்கொண்டிருந்தபோது, மகள் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு போனில் அம்மாவின் பெயருக்கு எதிரே இருந்த கட்டத்தைத் தொட்டாள். ‘காலமானவர்.’ தேதியைக் காலியாக விட்டாள். அதை எழுதக் கை வரவில்லை.

இணையத்தில் காசில்லாமல் வம்சாவளி தேட ஒரு தளம் அது. பழைய பிறப்புப் பதிவேடு, பள்ளிச் சேர்க்கைப் புத்தகம் எல்லாவற்றையும் படம் பிடித்துப் போட்டிருந்தார்கள். ஊசியில் நூல் கோக்கவே கண் தெரியாத தையல்காரியான அம்மா, ஆறு வருடமாக மகளைப் பக்கத்தில் உட்கார்த்திவைத்து ஒவ்வொரு பக்கமாகப் படிக்கச் சொன்னாள். தேடியது தங்கையை. பெற்றவர்கள் அடுத்தடுத்துப் போனதும், மிஞ்சிய பாத்திரங்களைப் பங்கு போடுவதுபோல, அக்காவை ஒரு வீட்டுக்கும் நாலு வயதுத் தங்கையை முன்பின் தெரியாத இன்னொரு வீட்டுக்கும் கொடுத்துவிட்டார்கள் சொந்தக்காரர்கள். போன இடத்தில் பெயரையும் மாற்றியிருப்பார்கள் என்பது அம்மாவின் கணக்கு. அதனால் தன் பக்கத்திலேயே எழுதச் சொன்னாள்: ‘தங்கையைத் தேடுகிறேன். வீட்டில் சுண்டு என்று கூப்பிடுவோம்.’

ஒரு ஈ காக்காய் எட்டிப் பார்க்கவில்லை. உயிரோடு இருப்பவர்களின் பக்கத்தை அந்தத் தளம் வெளியாருக்குக் காட்டாது. இலவசமாகக் கிடைக்கிற இடத்தில் கறாருக்கு மட்டும் குறைவில்லை.

“அப்போ செத்துட்டேன்னு போடுடி. செத்தாத்தான் காட்டுவான்னா செத்துட்டுப் போறேன்.”

“வாயில நல்ல வார்த்தையே வராதாம்மா உனக்கு?”

“கட்டத்தத் தொட்டா உயிர் போயிருமா?”

மூன்று தடவை கேட்டாள். கடைசித் தடவை போன மாதம், ஆஸ்பத்திரிக் கட்டிலில். மகள் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு மாத்திரையை நீட்டினாள். பெற்றவளை உயிரோடு சாகடிக்க மாட்டேன் என்கிற பெருமை வேறு.

அண்ணன் கதவைத் தட்டினான். “டீ ஆச்சா? வந்தவங்க உக்காந்திருக்காங்க. போனும் கையுமா நிக்கற நேரமா இது?”

டீயை வடிகட்டும்போது போன் அதிர்ந்தது. கட்டத்தைத் தொட்டு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

‘நான்தான் சுண்டு. நீ அவ மகளா? பதினோரு வருஷமா நானும் இதுலதான் தேடறேன். இன்னைக்குத்தான் காட்டுது.’

‘ஆமா சித்தி’ என்று அடித்தாள். பிறந்ததிலிருந்து யாரையும் அவள் அப்படிக் கூப்பிட்டதில்லை.

‘தேதி போடலியே. எப்பம்மா போனா? நான் எத்தன வருஷம் பிந்திட்டேன்?’

கதவிடுக்கில் கூடம் தெரிந்தது. அம்மாவின் கண்ணாடியை யாரோ கழற்றி ஜன்னலில் வைத்திருந்தார்கள்.

‘இன்னைக்குக் காலைல ஏழரைக்கு’ என்று அடித்தாள். அனுப்பினால் அடுத்த கேள்வி என்னவென்று தெரியும். நேற்றுவரை ஏன் காட்டவில்லை? போன மாதம் ஏன் காட்டவில்லை? எழுத்தெழுத்தாக அழித்தாள். தன் முகத்திலேயே காறித் துப்ப வேண்டும்போல இருந்தது. ஆனாலும் அடித்தாள்.

‘பன்னெண்டு வருஷம் ஆச்சு சித்தி. அம்மா எழுதி வச்சிருந்தத இன்னைக்குத்தான் நான் ஏத்தினேன்.’

பதில் வர நேரமானது. டீயில் ஆடை படிந்தது.

‘அப்போ நான் தேட ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே போயிட்டா. நான் ஒண்ணும் பிந்தல. இத்தன நாள் அந்த பயந்தான் எனக்கு. நீ நல்லா இரும்மா.’

அவள் டீயை மறுபடி சுடவைத்து, எல்லோருக்கும் கொண்டுபோய்க் கொடுத்தாள். வாசலில் வண்டி வந்து நின்றது. அண்ணன் கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு அவள் பக்கம் வந்தான்.

“எடுத்துரலாமா? இன்னும் யாராவது வரவேண்டியது இருக்கா?”

“யாரும் இல்ல,” என்று சொல்லிவிட்டு, அவள் காலி கிளாஸ்களைத் தட்டில் அடுக்கினாள்.